காந்தத்தின் உள்வீட்டு ரகசியம்

சட்டக் காந்தம் ஒன்றை இரண்டாக உடைத்தால், வடதுருவம் ஒரு கையிலும் தென்துருவம் மறு கையிலும் வந்துவிடுவதில்லை. இரண்டு துண்டும் இரண்டு முழுக் காந்தங்கள் ஆகிவிடுகின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி இது. அந்தத் துண்டுகளையும் உடைக்கலாம். உடைத்ததை மறுபடியும் உடைக்கலாம். இப்படியே உடைத்துக்கொண்டு போனால் எங்கே போய் நிற்க வேண்டியிருக்கும்? காந்தம் என்று சொல்லத் தக்க மிகச் சிறிய பொருள் எது?

காந்தத்துக்கு உயிர்நாடி அதன் ஞாபகம். ஒரு தடவை ஒரு திசையில் திருப்பி வைத்துவிட்டால், அந்தத் திசையை அது மறக்காமல் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரின் காந்தத் தகட்டில் நாம் பதிந்து வைக்கும் கணக்கும் கடிதமும் இந்த ஞாபகத்தை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் துண்டு சிறுக்கச் சிறுக்க ஞாபகமும் தேய்கிறது. இரும்புத் துகள் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு வந்துவிட்டால், சாதாரண அறையின் வெப்பமே அதைப் பிடித்து ஆட்டத் தொடங்கிவிடும். வடக்கே பார்த்தது அடுத்த கணம் தெற்கே பார்க்கும். அதன் பிறகு அதற்குக் காந்தம் என்ற பெயர் ஏது?

ஆகவே, ஒரே ஒரு மூலக்கூறு தனித்து நின்று காந்தமாக இருக்க முடியும் என்று 1993-ம் ஆண்டில் இத்தாலியிலிருந்து செய்தி வந்தபோது விஞ்ஞான உலகம் வியந்ததில் ஆச்சரியம் இல்லை. அணுக்கள் பல கூடி ஒரு குடும்பமாக வாழ்வதுதான் மூலக்கூறு. அப்படி ஒரு சின்னக் குடும்பம், இத்தனை பெரிய காரியத்தை எப்படிச் செய்கிறது? அந்தக் குடும்பத்தின் உள்வீட்டு ரகசியத்தை அறிய விஞ்ஞானிகள் வைத்த ஒற்றர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. ஒற்றர்கள் வேறு யாருமல்ல, அந்த வீட்டிலேயே குடியிருக்கும் அணுக்கருக்கள்தாம்.

வினிகரில் பிறந்த காந்தம்

இந்த மூலக்கூறு முதலில் பிறந்தது போலந்து நாட்டில். 1980-ம் ஆண்டில் டாடெயூஸ் லிஸ் என்ற ரசாயன விஞ்ஞானி அதைத் தயாரித்து, அதன் படிக அமைப்பை ஆராய்ந்து வெளியிட்டார். அதற்குத் தேவையான சரக்குகள் ஒன்றும் கிடைத்தற்கு அரியவை அல்ல. மாங்கனீஸ் அசிடேட் என்ற உப்பு; கிணற்று நீரைச் சுத்தம் செய்யப் போடுகிறோமே, அந்த ஊதா நிறத்துப் பெர்மாங்கனேட் தூள்; இரண்டையும் கலக்குவதற்கு அசிடிக் அமிலம். வினிகருக்குப் புளிப்பைத் தருவது இந்த அமிலம்தான். கலவையிலிருந்து கருநிறமான சிறு சிறு படிகங்கள் இறங்குகின்றன.

படிகத்தில் உள்ள ஒவ்வொரு மூலக்கூறிலும் 12 மாங்கனீஸ் அணுக்கள் இருக்கின்றன. நடுக்கூடத்தில் 4 பேர். அவர்களைச் சுற்றி வட்டமாக 8 பேர். இடையிடையே ஆக்ஸிஜன் அணுக்கள் பாலமாக நிற்கின்றன. வெளிப்புறத்தில் அசிடேட் கூட்டங்கள் மதில்போல் சூழ்ந்து, ஒரு குடும்பத்தை அடுத்த குடும்பத்திலிருந்து பிரித்து வைக்கின்றன. இப்படிப்பட்ட மூலக்கூறுகளை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டருக்குள் 5 லட்சத்துக்கு மேல் அடங்கிவிடும்.

பிளாரன்ஸ் நகரத்தில் பேராசிரியர் டான்டே காட்டெஸ்கியும் ரொபெர்டா செஸ்ஸோலியும் அவர்களுடைய சகாக்களும் இதன் காந்த குணத்தைச் சோதித்தார்கள். பூஜ்யத்துக்கும் கீழே 273 டிகிரி சென்டிகிரேடு என்பதே இயற்கையில் குளிரின் எல்லை. அந்த எல்லையிலிருந்து எண்ணும் கணக்குக்குக் கெல்வின் என்று பெயர். 2 கெல்வின் குளிரில் இந்த மூலக்கூறைக் காந்தமாக்கிவிட்டு, காந்தப் புலத்தை எடுத்துவிட்டால், அதன் ஞாபகம் மறைவதற்குச் சுமார் இரண்டு மாத காலம் பிடிக்கிறது என்று கண்டார்கள். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது!

இருபது என்ற விடை

காந்த சக்தி எங்கிருந்து வருகிறது? அணுவில் சுழலும் எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பெரும்பாலும் அவை இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து, ஒன்றின் காந்தத்தை மற்றொன்று அழித்துவிடும். ஜோடி சேராமல் தனித்து நிற்பவைதாம் காந்த சக்தியைத் தருகின்றன. மேற்சொன்ன மூலக்கூறில் வெளிவட்டத்து மாங்கனீஸ் ஒவ்வொன்றிலும் 4 தனி எலெக்ட்ரான்கள். நடுவில் உள்ளவை ஒவ்வொன்றிலும் 3.

வெளியே 8 நாலு 32. உள்ளே 4 மூன்று 12. எல்லோரும் ஒரே திசையைப் பார்த்தால் மொத்தம் 44 ஆக வேண்டும். ஆனால் அளந்து பார்த்தபோது கிடைத்த விடை 20. அப்படியானால் 32-ல் 12 கழிந்திருக்கிறது. வெளிவட்டம் ஒரு திசையைப் பார்க்க, நடுக்கூடத்தார் நால்வரும் நேர் எதிர்த் திசையைப் பார்க்கிறார்கள் என்று விஞ்ஞானிகள் ஊகித்தார்கள்.

சரி, இந்த இருபதும் ஏன் நினைத்த பக்கம் திரும்பாமல் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும்? படிகத்துக்குள் காந்தத்துக்கு எல்லாத் திசைகளும் சமம் அல்ல. சில திசைகள் அதற்குச் சௌகரியமானவை, சில அசௌகரியமானவை. இந்தக் குணத்தை நுட்பமாக அளந்து காட்டியவர்களில் ஒருவர் வத்திராயிருப்பில் பிறந்த டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன். 1930-களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் இருந்தபோது, படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அவை எப்படித் திரும்புகின்றன என்று அவர் அளந்தார்.

மாங்கனீஸ் மூலக்கூறுக்கு ‘மேல்’, ‘கீழ்’ என்ற இரண்டு திசைகள் மட்டுமே சௌகரியம். இரண்டு பள்ளத்தாக்குகள், நடுவே ஒரு மலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 10 படிகள், மறு பக்கம் 10 படிகள், நடுவில் உச்சி. ஆக 21 நிலைகள். மலையேறி மறுபக்கம் இறங்க வெப்பம் வேண்டும். கடுங்குளிரில் அதற்குச் சக்தி ஏது? எனவே விழுந்த பள்ளத்தாக்கிலேயே கிடக்கிறது. ஞாபகத்தின் காரணம் இதுதான்.

வானொலியில் பேசும் அணுக்கரு

ஊகம் ஊகம்தானே? வீட்டுக்குள்ளே இருப்பவர் வாயால் கேட்டால்தான் நிச்சயம். இங்கேதான் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்ற முறை கைகொடுக்கிறது. பெயர் நீளமானாலும் விஷயம் நமக்குப் புதிதல்ல. ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறார்களே, அதற்கு ஆதாரமே இதுதான். 1946-ல் அமெரிக்காவில் பெலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்ஸெலும் தனித்தனியே இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். 1952-ம் ஆண்டின் நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

எலெக்ட்ரானைப் போலவே பல அணுக்கருக்களும் காந்தங்கள்தாம். ஆனால் மிகவும் நோஞ்சான்கள். ஹைட்ரஜன் அணுக்கருவின் காந்த பலம், எலெக்ட்ரானின் பலத்தில் 658-ல் ஒரு பங்கு. காந்தப் புலத்தில் இந்த அணுக்கரு, தலை சாய்ந்த பம்பரத்தைப்போல் தள்ளாடிச் சுற்றுகிறது. புலத்தின் பலம் எவ்வளவோ, சுற்றின் வேகமும் அவ்வளவு. 1 டெஸ்லா பலமுள்ள புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கரு விநாடிக்குச் சுமார் 4 கோடியே 26 லட்சம் தடவை, அதாவது 42.6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் சுற்றுகிறது. மாங்கனீஸ் அணுக்கரு 10.5 மெகாஹெர்ட்ஸ் அளவில்தான் சுற்றும்.

வெளியிலிருந்து அதே எண்ணிக்கையில் ஒரு வானொலி அலையைச் சற்றே அனுப்பி நிறுத்தினால், அணுக்கரு பதில் குரல் கொடுக்கிறது. வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி நிலையங்களைத் தேடுவதைப்போல் விஞ்ஞானிகள் அந்தக் குரலைத் தேடிப் பிடிக்கிறார்கள். எந்த எண்ணில் குரல் வருகிறது என்பதைக் கொண்டு, அந்த அணுக்கரு இருக்கும் இடத்தில் காந்தப் புலம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். கிளர்ந்த அணுக்கரு பழைய அமைதிக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கொண்டு, அக்கம் பக்கத்தில் எவ்வளவு அமளி நடக்கிறது என்று அறியலாம். ஒற்றர் கொண்டுவரும் செய்திகள் இவை இரண்டே.

நமது மூலக்கூறில் ஒற்றர்களுக்குப் பஞ்சமில்லை. மாங்கனீஸ் அணுக்கரு 12-ம் காந்தங்கள். அசிடேட்டிலும் நீரிலுமாக 56 ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வேறு. ஹைட்ரஜன்கள் மதிலோரத்தில் நின்று ஒட்டுக்கேட்பவை. மாங்கனீஸ் அணுக்கருக்களோ வீட்டின் மையத்திலேயே வசிப்பவை.

மூன்று நிலையங்கள்

2000-ம் ஆண்டை ஒட்டி, மாங்கனீஸ் அணுக்கருக்களின் குரலை ஜப்பானிய விஞ்ஞானிகள் பிடித்தார்கள். ஹொக்கைடோ சர்வகலாசாலையைச் சேர்ந்த யூஜி புருகாவா குழுவினர், இத்தாலியின் போர்ஸா, காட்டெஸ்கி ஆகியோருடன் சேர்ந்து செய்த ஆராய்ச்சி 2001-ல் வெளியாயிற்று. வெப்பம் அதிகமாக இருந்தால் எலெக்ட்ரான்களின் அமளியில் இந்தக் குரல் பிறந்த கணமே அமுங்கிவிடும். எனவே மூலக்கூறைக் கடுங்குளிரில் உறங்க வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஆஸ்பத்திரி ஸ்கேனில் நோயாளியைச் சுற்றி ராட்சதக் காந்தம் வேண்டும். இங்கே வெளியிலிருந்து காந்தம் எதுவுமே வேண்டியிருக்கவில்லை! வீட்டுக்குள் இருக்கும் எலெக்ட்ரான்களே அணுக்கருவின்மீது பிரம்மாண்டமான புலத்தைச் செலுத்துகின்றன. ஆஸ்பத்திரிக் காந்தத்தின் பலம் சாதாரணமாக 1.5 அல்லது 3 டெஸ்லா. இந்த மூலக்கூறின் மாங்கனீஸ் அணுக்கருக்கள் உட்கார்ந்திருப்பதோ ஏறத்தாழ 22-லிருந்து 35 டெஸ்லா வரையுள்ள புலத்தில்.

அவர்களுக்குக் கிடைத்தவை மூன்று நிலையங்கள்: சுமார் 230, 280, 365 மெகாஹெர்ட்ஸ். முதலாவது, நடுக்கூடத்து நால்வருடையது. மற்ற இரண்டும் வெளிவட்டத்தாருடையவை. வெளியே உள்ள எண்மரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர், நான்கு நான்காக இரண்டு வகையினர் என்பது இதனால் தெளிவாயிற்று.

அடுத்து, எதிர்த் திசை என்ற ஊகத்தைச் சோதித்தார்கள். மூலக்கூறுக்குச் சௌகரியமான திசையில் வெளிப்புலம் ஒன்றைச் சிறுகச் சிறுகச் செலுத்தினார்கள். வெளிவட்டத்தாரின் இரண்டு நிலையங்களும் கீழ்நோக்கி நகர்ந்தன. நடுக்கூடத்தாரின் நிலையம் மேல்நோக்கி நகர்ந்தது. ஒருவருக்குக் கூட்டலாக இருப்பது மற்றவருக்குக் கழித்தலாக இருக்கிறதென்றால் இருவரும் எதிரெதிர்த் திசையில் நிற்கிறார்கள் என்பதுதானே பொருள்? 32-ல் 12 போனால் 20 என்ற கணக்குக்கு வீட்டுக்குள்ளிருந்தே சாட்சி கிடைத்துவிட்டது.

மலையைக் குடைந்த காந்தம்

ஆனால் ஞாபகத்தைப் பற்றிய ஒரு சந்தேகம் அதற்கு முன்பே தலைதூக்கியிருந்தது. 1996-ல் நியூயார்க் நகரத்தின் சிட்டி காலேஜில் மிரியம் சாராசிக்கும் ஜோனதன் பிரீட்மனும், பார்ஸிலோனாவின் ஹாவியர் டெஹாடா முதலியோருடன் சேர்ந்து ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். குளிர்ந்த மூலக்கூறுகளின் காந்தத் திசையை மாற்ற, எதிர்ப்புலத்தை மெல்ல மெல்லக் கூட்டினார்கள். காந்தம் ஒரே சீராக மாறவில்லை. ஏறத்தாழ ஒவ்வொரு 0.45 டெஸ்லாவுக்கும் திடீரென்று ஒரு சரிவு, பிறகு சமதளம், மீண்டும் சரிவு. மாடிப்படிபோல் இறங்கியது! அதே ஆண்டில் பிரான்ஸ் தேசத்துக் கிரெனோபிள் நகரத்திலும் இதே உண்மையைக் கண்டார்கள்.

காரணம், மூலக்கூறு மலையேறாமலே மறுபக்கம் போய்விடுகிறது. அணு உலகத்தின் குவான்டம் விதிகளில் இதற்கு இடம் உண்டு. மலைக்கு இந்தப் பக்கத்துப் படி ஒன்றும் அந்தப் பக்கத்துப் படி ஒன்றும் சரிமட்டமாக அமைந்துவிட்டால், மலையைக் குடைந்துகொண்டு மறுபக்கம் வந்துவிடலாம். எதிர்ப்புலத்தைக் கூட்டும்போது படிகள் அவ்வப்போது மட்டமாகின்றன. அப்போதெல்லாம் ஒரு சரிவு.

இதில் ஓர் இடக்கு இருந்தது. மட்டம் என்றால் சுமாரான மட்டம் போதாது. மயிரிழை பிசகினாலும் வழி அடைத்துக்கொள்ளும். படிகத்தில் ஒவ்வொரு மூலக்கூறின்மீதும் அண்டை மூலக்கூறுகளின் புலம் கொஞ்சம் முன்பின்னாக விழும்போது அவ்வளவு கச்சிதமாக மட்டம் அமைவது அரிதிலும் அரிது. அப்படியிருக்க, மூலக்கூறுகள் கூட்டம் கூட்டமாக எப்படி மலையைக் குடைகின்றன? யாரோ உள்ளிருந்து கதவைத் திறந்துவிட வேண்டும்.

பிரோகோபியெவ், பிலிப் ஸ்டாம்ப் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1990-களில் அந்த ஆளைச் சுட்டிக் காட்டினார்கள். அணுக்கருக்கள்தாம்! நோஞ்சான் காந்தங்களானாலும் அவை ஓயாமல் திசை மாறிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சலசலப்பில் படிகளின் மட்டம் துளி ஏறித் துளி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அப்படி ஆடும்போது எப்போதாவது இரண்டு படிகளும் கச்சிதமாகச் சந்திக்கும்; அந்தக் கணத்தில் வழி திறந்துவிடும் என்பது அவர்களுடைய வாதம். சாட்சி சொல்ல வந்தவரே சந்தேகத்துக்கு இலக்காகிவிட்டார்!

குற்றம் நிரூபணம்

கிரெனோபிளில் வுல்ப்காங் வெர்ன்ஸ்டார்பரும் பிளாரன்ஸ் விஞ்ஞானிகளும் 2000-ம் ஆண்டில் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். எட்டு இரும்பு அணுக்கள் கொண்ட வேறொரு காந்த மூலக்கூறை எடுத்துக்கொண்டார்கள். சாதாரண இரும்பில் பெரும்பகுதி இரும்பு-56. அதன் அணுக்கருவுக்குக் காந்தம் கிடையாது. அதற்குப் பதில் காந்தமுள்ள இரும்பு-57 நிறைந்த மூலக்கூறைத் தயாரித்தார்கள். மற்றொன்றில் ஹைட்ரஜனுக்குப் பதில் கன ஹைட்ரஜனாகிய டியூடிரியத்தை வைத்தார்கள். டியூடிரியத்தின் காந்த பலம் ஹைட்ரஜனின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

முடிவு என்ன? இரும்பு-57 சேர்ந்த மூலக்கூறு வேகமாக ஞாபகத்தை இழந்தது. டியூடிரியம் சேர்ந்தது மெதுவாக இழந்தது. இரண்டிலும் மாற்றி வைத்த அணு, முன்பிருந்ததைவிடக் கனமானதுதான். எடைதான் காரணம் என்றால் இரண்டும் ஒரே பக்கமாக மாறியிருக்க வேண்டும். ஒன்று கூடி, ஒன்று குறைந்ததால், அணுக்கருவின் காந்தமே காரணம் என்பது உறுதியாயிற்று.

ஹாலந்து தேசத்து லெய்டன் நகரத்திலும் இந்த வழக்கு நடந்தது. 1908-ல் ஹீலியம் வாயு முதன்முதலாகத் திரவமாக்கப்பட்ட ஊர் அது. குளிருக்குப் பேர் பெற்ற ஆராய்ச்சிசாலை. அங்கே ஆந்திரியா மொரெல்லோவும் சகாக்களும் 12 மாங்கனீஸ் மூலக்கூறை 0.02 கெல்வின் வரைக்கும் குளிர வைத்து, மாங்கனீஸ் அணுக்கருக்களின் குரலைக் கேட்டார்கள். குளிரக் குளிர அமளி அடங்க வேண்டும். அணுக்கரு அமைதிக்குத் திரும்பும் நேரம் நீண்டுகொண்டே போக வேண்டும். சுமார் 0.8 கெல்வின் வரை அப்படித்தான் நடந்தது. அதற்குக் கீழே எவ்வளவு குளிர வைத்தும் நேரம் மாறவே இல்லை.

வெப்பத்தால் வந்த அமளியாக இருந்தால் குளிரில் குறைந்திருக்குமே! ஆகவே இது மலையைக் குடைவதால் வரும் அமளி என்று 2004-ல் அவர்கள் அறிவித்தார்கள். படிகத்தில் சிற்சில மூலக்கூறுகள் மட்டும் கொஞ்சம் கோணலாக அமைந்து, மலை தாழ்ந்திருப்பவை. அவை அங்கங்கே குடைந்து புரள, அந்த அதிர்ச்சி அண்டை வீட்டு அணுக்கருக்களுக்கும் கைமாறிப் பரவுகிறது. அவ்வளவு கடுங்குளிரிலும் அணுக்கருக்கள் படிகத்தின் குளிரோடு ஒத்துப்போகின்றன என்பதையும் அவர்கள் கண்டார்கள். எலெக்ட்ரான்கள் புரள்வது அணுக்கருவைத் தொடுகிறது. அணுக்கரு அசைவது எலெக்ட்ரான்களுக்கு வழிவிடுகிறது. ஒற்றரும் வீட்டுக்காரரும் கூட்டாளிகள்!

இதனால் என்ன பயன்?

ஒரு மூலக்கூறுக்கு ஒரு எழுத்து என்று பதிந்துவைக்க முடிந்தால், நூல் நிலையத்தையே நகக்கண்ணில் அடக்கிவிடலாம் என்ற ஆசை ஒருபுறம். குவான்டம் விதிகளைக் கொண்டே கணக்கிடும் புதுவகைக் கம்ப்யூட்டருக்கு இந்த மூலக்கூறுகளை உறுப்புகளாக்கலாம் என்ற ஆசை மறுபுறம். இரண்டுக்குமே ஞாபகம்தான் முதலீடு. அதைக் கெடுப்பவர் யார் என்று தெரியாதவரை எந்த வைத்தியமும் பலிக்காது.

தெரிந்த பிறகு வைத்தியம் தொடங்கிவிட்டது. மான்செஸ்டரில் பேராசிரியர் வின்பென்னியின் குழுவினர் குரோமியமும் நிக்கலும் சேர்ந்த வளைய வடிவ மூலக்கூறுகளைத் தயாரித்தார்கள். அவற்றில் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு டியூடிரியத்தை வைத்தபோது, குவான்டம் ஞாபகம் பல மடங்கு நீண்டது என்று 2007-ல் ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து காட்டினார்கள். கோள் சொல்பவனை மாற்றிவிட்டு, வாய் குறைந்தவனை அந்த இடத்தில் வைத்த கதைதான்.

குளிரின் கெடுபிடியும் தளர்ந்து வருகிறது. டிஸ்ப்ரோசியம் என்ற அபூர்வ உலோகத்தின் ஒரே அணுவைக் கொண்ட மூலக்கூறு 60 கெல்வினில் ஞாபகம் காட்டியதாக 2017-ல் செய்தி வந்தது. 2018-ல் வேறொன்று 80 கெல்வினை எட்டியது. திரவ நைட்ரஜன் 77 கெல்வினில் கொதிப்பது. எனவே கிடைத்தற்கு அரிய ஹீலியத்தை விட்டு, மலிவான நைட்ரஜனைக் கொண்டே குளிர வைக்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. 2025-ல் இன்னொரு டிஸ்ப்ரோசியம் மூலக்கூறு 100 கெல்வின் வரை வந்திருக்கிறது. அதுவும் பூஜ்யத்துக்குக் கீழே 173 டிகிரி சென்டிகிரேடு ஆயிற்றே! நம் வீட்டுக் கூடத்து வெப்பத்துக்கு இன்னும் 200 டிகிரி பாக்கி இருக்கிறது.

இந்த மூலக்கூறுகளிலும் மலையின் உயரத்தைக் கூட்டுவது பாதி வேலைதான். மலை எவ்வளவு உயர்ந்தாலும் அடியில் குடைந்துவிட்டால் உயரத்தால் லாபம் இல்லை. ஆகையால் புது மூலக்கூறைத் திட்டமிடும் ரசாயன விஞ்ஞானி இன்று இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது: எலெக்ட்ரான்களை எப்படி அடுக்குவது? அவற்றுக்குப் பக்கத்தில் எந்த அணுக்கருவைக் குடிவைப்பது? இரண்டாவது கேள்விக்கு வழிகாட்ட, அந்த அணுக்கருக்களின் வானொலிக் குரலையே அவர் இன்னமும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.